பிள்ளைகளுக்கு எந்த அறை?

பழைய வீடு பார்க்க டிக்கெட் எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்காரர்கள் வெளியூர் போகிறார்கள் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். எங்கள் ஊரில் சனி, ஞாயிறு வந்தால் வீட்டு வாசல்தோறும் வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, ஒரு பழைய கதவு, அதன் முன்னால் கல்யாணத்துக்கு முந்தைய ஜோடி ஒன்று. அப்படி இருக்க, முட்டுக்காட்டுக்குப் போய் தக்ஷிணசித்ரா பார்க்கலாம் என்று நான் சொன்னதும் அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. "இருந்த வீட்ட இடிக்கக் குடுத்துட்டு, எவன் வீட்டையோ காசு குடுத்துப் பாக்கப் போறீங்களா?"

அம்மா பிறந்த வீடு காமாட்சியம்மன் கோயில் வீதியில் இருந்தது. தெருவை ஒட்டித் தாழ்வாரம், அதற்குள் திண்ணை, நடை, முற்றம், கூடம், பின்கட்டு என்று நீண்டுகொண்டே போகும் வீடு. தாத்தா காலமான பிறகு பங்கு பிரித்தார்கள். ஆறு பேருக்கு ஒரு வீட்டை எப்படிப் பிரிப்பது? விற்றால்தான் பிரிக்க முடியும். இப்போது அங்கே கீழே செருப்புக் கடையும் மேலே இரண்டு மாடியும் நிற்கின்றன. என் பிள்ளைகள் வளர்ந்தது லாஸ்பேட்டையில், மூன்றாவது மாடியில். திண்ணை அவர்களுக்குத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் வரும் படம்.

கடைசியில் அம்மாவும் வந்தாள். பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது என்பது அவள் சொன்ன காரணம். பொங்கல் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பதினொரு வயதுப் பெரியவள், ஏழு வயதுச் சின்னவன், அக்காவின் மகன், அம்மா, நான். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டும்போதே சின்னவன் "வந்துடுச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். அவனுக்கு மியூசியம் என்றால் கண்ணாடிப் பெட்டி. தொடாதே என்று யாராவது அதட்டுவார்கள் என்று தயாராகவே வந்திருந்தான்.

தக்ஷிணசித்ராவில் கண்ணாடிப் பெட்டிகளை விட வீடுகள்தான் முக்கியம். அமெரிக்காவில் பிறந்து சென்னைக்கு வாழவந்த டெபோரா தியாகராஜன் 1984இல் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 14 அன்று, இந்த இடம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. வளாகத்துக்கு வடிவம் கொடுத்தவர் லாரி பேக்கர். கூட நின்று கட்டியவர் பென்னி குரியகோஸ். 10 ஏக்கரில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நாலு பக்கத்திலிருந்தும் வந்த 18 வீடுகள். வந்த என்று சொல்வது வெறும் பேச்சுக்காக இல்லை. இடிக்க இருந்த வீட்டை விலைக்கு வாங்கி, அளந்து வரைந்து, தூணுக்கும் உத்திரத்துக்கும் எண் போட்டுக் கழற்றி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, அந்தந்த ஊர்க் கைவேலைக்காரர்களையே வரவழைத்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். இதை நான் சொன்னபோது அம்மா ஒரு தூணைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டத் தூக்க ஒரு லாரி கிடைக்கல" என்றாள்.

பெரியவள் கேள்வியை ஆரம்பித்தது செட்டிநாட்டு வணிகர் வீட்டில். வழவழப்பான தூண்கள், முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைக் கதவுகள். அவள் ஒவ்வொரு கதவாக எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டாள். "இதுல பசங்க ரூம் எது?"

செட்டிநாட்டில் கல்யாணமான ஒவ்வொரு ஜோடியையும் ஒரு புள்ளி என்று கணக்கில் எடுப்பார்கள். கோயில் வரியிலிருந்து வீட்டு அறை வரை எல்லாம் புள்ளிக் கணக்குத்தான். மகனுக்குக் கல்யாணமானால் அவனுக்கென்று ஒரு அறை, அவன் மனைவி கொண்டுவந்த சீர்ச் சாமானை வைத்துப் பூட்ட. இதை நான் விளக்கியதும் அவள் கணக்குப் போட்டுவிட்டாள். "அப்போ கல்யாணம் ஆகலன்னா கணக்குலயே இல்லையா?"

"புள்ளைங்களுக்கு எதுக்குடி தனி ரூமு? வீடே புள்ளைங்களுதுதான்" என்றாள் அம்மா.

பெரியவள் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எந்த வீட்டில் நுழைந்தாலும் முதல் வேலையாக அவள் தேடியது அதைத்தான். கேரளப் பக்கத்தில் 1850இல் கட்டிய சிரியன் கிறிஸ்தவர் வீட்டில் நுழைந்ததும் நெல் அறை. வீட்டின் நல்ல இடம் நெல்லுக்கு. அக்ரகாரத்து வீட்டில் சாமிக்கு ஒரு மூலை இருந்தது. கர்நாடகத்து சிக்மகளூர் வீட்டையும் சல்லடை போட்டாள். நெல்லுக்கு, சாமிக்கு, விருந்தாளிக்கு, மாப்பிள்ளைக்கு எல்லாம் இடம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பழைய வீட்டைப் பார்க்கிற பெரியவர்கள் தூணின் மரம் என்ன, தரையின் பளபளப்புக்கு என்ன போட்டார்கள் என்றுதான் கேட்கிறோம். யார் எங்கே படுத்தார்கள் என்று கேட்டால்தான் வீடு வாயைத் திறக்கிறது.

ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்த வட்ட வீட்டில் மட்டும் மூன்று பிள்ளைகளும் கேள்வி இல்லாமல் உட்கார்ந்தார்கள். மண் சுவர், தாழ இறங்கிய ஓலைக் கூரை. புயல் காற்று மோத மூலை இல்லாதபடி வட்டமாகக் கட்டியது. 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டபோது பெரியவள் சின்னக் குழந்தை. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டதும் நாள் கணக்கில் கரண்ட் இல்லாததும்தான் அவள் நினைவில் இருந்தன. சதுர வீட்டை விட இது கெட்டியா என்று கேட்டுக்கொண்டே சுவரைச் சுற்றி முதுகைத் தேய்த்தபடி நடந்தாள். புத்தகத்தில் படித்தால் ஒரு வரி. முதுகால் படித்தால் வேறு.

குயவர் வீட்டில் சின்னவனை அங்கிருந்து பெயர்க்கவே முடியவில்லை. சக்கரத்தில் மண் எழுந்து வருவதைக் கண் கொட்டாமல் பார்த்தான், தானும் கை வைத்தான், சட்டி சரிந்தது, மறுபடி வைத்தான். அங்கே வேலை செய்த பெரியவர் அவன் இரண்டு கட்டைவிரலையும் பிடித்து மண்ணுக்குள் இறக்கினார். நான் அவரிடம், நீங்கள் எந்த வயதில் சக்கரத்தில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். சக்கரத்தில் உட்கார்வதற்கு முன்னால் மண் மிதிக்க வேண்டும், கல் பொறுக்க வேண்டும், அதற்கு வயதெல்லாம் பார்க்க மாட்டார்கள் என்றார். சின்னவனுக்கு அது காதில் விழவில்லை. அவனுக்கு இது விளையாட்டு.

காஞ்சிபுரத்திலிருந்து வந்த நெசவாளர் வீட்டில் அந்த வித்தியாசம் இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. குழித்தறி. நெய்பவர் குழிக்குள் காலை விட்டு மிதி மிதிக்கிறார். கோர்வைப் பட்டுக்கு உடலும் கரையும் வேறு வேறு நிறம். இரண்டையும் தறியிலேயே பூட்டிப் பூட்டி நெய்ய வேண்டும். உடலுக்கு ஒரு ஓடம், இரு கரைக்கும் இரண்டு. ஒருவரால் ஆகாத வேலை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் ஓடத்தை வாங்கி வாங்கித் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இன்னொரு ஆள் காஞ்சிபுரத்தில் பல காலம் ஒரு சிறுவனாகவோ சிறுமியாகவோதான் இருந்தார். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. 2016இல் அதைத் திருத்தியபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்தே வைத்தார்கள். பெரியவளிடம் இத்தனையும் சொல்லவில்லை. "உன் கேள்விக்குப் பதில் இங்க இருக்கு, பசங்க இடம் இதுதான்" என்று தறியின் வலப்பக்கத்தைக் காட்டினேன். அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, கால் மரத்துப்போச்சு என்று எழுந்துவிட்டாள்.

ஒரு வீட்டின் பின்கட்டில் அம்மியும் ஆட்டுக்கல்லும் கிடந்தன. பள்ளிக்கூடச் சீருடையில் வந்திருந்த ஒரு கூட்டம் குழவியைச் சுற்றி இழுத்து மாறி மாறிப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நகர்ந்ததும் எங்கள் மூன்று பேரும் பாய்ந்தார்கள். ஆளுக்குப் பத்துச் சுற்று, ஒரே சிரிப்பு. அம்மா திண்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், "பத்துப் பேருக்கு இட்லி மாவு ஆட்டிட்டுச் சிரிங்க பாக்கலாம்." அம்மா 1950இல் பிறந்தவள். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுப் போனபோது நாலு வயது. பத்து வயதிலிருந்து அந்த வீட்டு ஆட்டுக்கல் அவள் பொறுப்பு. தம்பி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பந்து விளையாடப் போவான், இவள் அரிசியும் உளுந்தும் ஆட்டிவிட்டு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் இறைப்பாள். இதையெல்லாம் அவள் எங்களிடம் பெருமையாகச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அந்தக் காலத்து உடம்பு, அந்தக் காலத்து ருசி என்று. அன்றைக்கு அந்தச் சுதி இல்லை.

பெரியவள் விடவில்லை. "ஆயா, உனக்கு அழுகை வந்தா எங்க போய் அழுவ?"

"கிணத்தடிக்கு. தண்ணி எறச்சா மூஞ்சி நனஞ்சிருக்குறது தெரியாது."

அந்த நேரத்தில்தான் சின்னவனுக்கு அவசரம் வந்தது. "இந்த வீட்ல கக்கூஸ் எங்க?" என்றான். பார்வையாளர்களுக்கு என்று கட்டியிருந்த கழிப்பறைக்குக் கூட்டிப்போய் வந்தேன். அவன் திரும்பி வந்து அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டான். இவங்க எங்க போவாங்க? இந்த வீட்டிலிருந்த தாத்தா எங்க போவாரு? நான் வயல், தோப்பு என்று மழுப்பினேன். அம்மா மழுப்பவில்லை. எங்க வீட்டுல கடைசிக் கட்டுக்குப் பின்னால ஒரு தடுப்பு, அதுக்குப் பின்னால சந்து, சந்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு என்றாள். விடியக்காலையில் அந்தக் கதவைத் திறந்து வாளியில் அள்ளிக்கொண்டு போவார்கள்.

"யாரு?"

"ஒரு அம்மா வரும். கூட அதோட பொண்ணும் வரும். என் வயசுதான் இருக்கும்."

"அவங்க பேரு?"

அம்மா யோசித்தாள். "தெரியல. கேட்டதே இல்ல."

"எவ்ளோ வருஷம் வந்தாங்க?"

"நான் கல்யாணம் ஆகிப் போற வரைக்கும்."

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், அது போதாமல் 2013இல் இன்னொன்றும் வந்தன. சட்டம் வந்த வருடத்தைச் சொல்ல எனக்குத் தெரிகிறது. பத்து இருபது வருடம் ஒரு வீட்டுக்குள் வந்துபோன ஒரு பெண்ணின் பெயரைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. தூணுக்கு எண் போடலாம், உத்திரத்துக்கு எண் போடலாம், லாரியில் ஏற்றலாம். வீட்டுக்குப் பின்னால் ஓடிய சந்தை எப்படி ஏற்றுவது? இதை எந்த அருங்காட்சியகத்தின் மேலும் குறையாகச் சொல்லவில்லை. வீட்டை வீடாக வைத்திருந்த எங்கள் ஊரிலேயே அந்தச் சந்துகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இப்படித் திறந்த வெளியில் வீடுகளைக் கொண்டுவந்து வைத்து, உள்ளே வேலை நடப்பதையும் காட்டும் யோசனையை முதலில் பெரிதாகச் செய்தவர் ஸ்வீடனின் ஆர்தர் ஹசேலியஸ். 1891இல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்று திறந்தார். தொழிற்சாலைகள் வந்து கிராமங்கள் கலைந்துகொண்டிருந்த நேரம் அது. அமெரிக்காவின் வில்லியம்ஸ்பர்க்கில் இன்னும் ஒரு படி மேலே போய், ஊழியர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு உடுப்பில் அந்தக் காலத்து ஆட்களாகவே நடமாடிப் பேசுகிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்று வைத்தால், பொய்முடி வைத்த பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸாக ஒருவரை மே மாத வெயிலில் நிறுத்துவார்கள், பாவம். எங்களுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில், பிரெஞ்சுப் படையில் இருந்த எங்கள் தெருத் தாத்தாக்கள் கோட்டு போட்டு, மெடல் குத்திக்கொண்டு நிற்பார்கள். சொல்தா தாத்தா என்போம். முந்தின நாள் இரவு கையில் விளக்கோடு ஊர்வலம் போகும். யாரும் வேஷம் கட்டவில்லை. வருடத்துக்கு வருடம் ஆள் குறைகிறது, அவ்வளவுதான்.

வரும் வழியில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். ஆனால் கேள்வி தூங்கவில்லை. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஊருக்குள்ளேயே சுற்றினோம். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதி. தாழ்வாரமும் திண்ணையுமாக இருக்கும் அந்த வீதி முகப்புகளை இன்டாக் அமைப்பு புதுப்பித்துக் கொடுத்தது, அதற்கு 2008இல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. அங்கே வீடுகளில் ஆள் இருக்கிறார்கள்; திண்ணையில் ஒரு பாட்டி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சின்னவன் நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவர் யாரு வீட்டுப் பிள்ளை என்று கேட்க, அம்மா பதில் சொல்ல, அரை மணி நேரத்தில் இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு சம்பந்தி கிடைத்துவிட்டார். நான் காட்ட நினைத்த தூண்களை யாரும் பார்க்கவில்லை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்தோம். 1738இல் கட்டியது. கீழே முற்றத்தைச் சுற்றி மரத்தூண், மேல்மாடியில் பிரெஞ்சுக்காரர் பாணியில் வெள்ளைச் சுதைத்தூண் என்று நான் சொன்னேன். துய்ப்ளேக்ஸின் துபாஷி, 1736இலிருந்து சாகும் வருடமான 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர் என்றேன். "அவர் வீட்டுப் பசங்க எங்க தூங்குனாங்கன்னு எழுதியிருக்காரா?" என்று பெரியவள் கேட்டாள். கப்பல் வந்தது, கவர்னர் கோபித்தது, சரக்கின் விலை, யார் யாருக்குச் சால்வை, எத்தனை குண்டு முழங்கியது என்று எதையும் விடாமல் எழுதிய மனிதர்தான். இருந்தும் அவள் கேட்பதற்கு நான் அங்கே போய்த் தேட வேண்டும்.

செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்தில் சின்னவன் எதிர்பார்த்த கண்ணாடிப் பெட்டிகள் கிடைத்தன. அரிக்கமேட்டு மணிகளும் பானை ஓடுகளும் அவனை ஐந்து நிமிடம்கூடப் பிடித்து வைக்கவில்லை. புஷ்புஷ் வண்டியைப் பார்த்ததும்தான் நின்றான். உட்கார்ந்திருப்பவர் முன்னால் இருக்கும் பிடியால் திருப்புவார், பின்னால் ஆள் தள்ளிக்கொண்டு ஓடுவார். அந்த வண்டி இருக்கிறது. அக்காவின் மகன் அதன் பின்பக்கம் போய்க் குனிந்து, எந்த இடத்தைப் பிடித்துத் தள்ளியிருப்பார்கள் என்று தேடினான். அம்மா, தன் பாட்டி அதில் ஏறிக் கோயிலுக்குப் போனதைச் சொன்னாள். தள்ளியவர் யார் என்று இந்தத் தடவை யாரும் கேட்பதற்கு முன்னாலேயே அம்மா, "அவரு பேரும் தெரியாது, போங்க" என்று சிரித்துவிட்டாள்.

பெரியவள்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தாள். இடித்த வீட்டை வரைந்தால் என்ன? சார்ட் பேப்பரை விரித்து, அம்மாவை உட்கார வைத்து, நடையிலிருந்து ஆரம்பித்தாள். அம்மா அடியால் அளந்து சொன்னாள். எட்டு எட்டு வைத்தால் முற்றம், முற்றத்தின் தெற்கில் கூடம், கூடத்தில் ஊஞ்சல் கொக்கி. நெல் தொம்பை இங்கே. பாட்டி படுக்கிற கட்டில் இங்கே. பிள்ளைகள் ஏழு பேர் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தது முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில்; மழைச் சாரல் அடித்தால் கடைசி ஆள் நனைவான், அது எப்போதும் சின்ன மாமா. பின்கட்டு, சந்து, சின்னக் கதவு எல்லாம் வந்தன. சந்தைத் தடித்த கோடாகப் போடச் சொன்னது அம்மாதான்.

கிணற்றில்தான் சண்டை. பின்கட்டுக்குள் நுழைந்ததும் வலக்கைப் பக்கம் என்று அம்மா சொன்னாள். படத்தைப் போனில் எடுத்து பாரிஸில் இருக்கும் சின்ன மாமாவுக்கு அனுப்பினோம். மறு நிமிடமே கூப்பிட்டார். இடக்கைப் பக்கம், சத்தியமாக இடக்கை, நான் பந்தைக் கிணற்றில் போட்டு அப்பாவிடம் அடி வாங்கியிருக்கிறேன் என்றார். "பந்து போட்டவனுக்கு என்ன தெரியும், எறச்சவ நான்" என்று அம்மா போனைப் பிடுங்கினாள். அரை மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் பெரியவள் இரண்டு பக்கமும் இரண்டு கிணறு வரைந்து, ஒன்றில் ஆயா என்றும் மற்றதில் பாரிஸ் தாத்தா என்றும் எழுதினாள். மாமா டிசம்பரில் வருகிறார். அதற்குள் அம்மா பெரிய அத்தை, மச்சாண்டார் மகன், எதிர் வீட்டுக் கணக்கப்பிள்ளையின் மருமகள் என்று மூன்று பேரிடம் விசாரித்துவிட்டாள். இரண்டு பேர் வலக்கை என்கிறார்கள். மூன்றாவது ஆள், கிணறு அடுத்த வீட்டோடு பொதுக் கிணறு, நடுச் சுவரில் இருந்தது என்கிறார்.